தொழிற்சாலையை விட்டு வந்தபடியே

வரிசை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு அது. கிட்டாரைத் திருப்பிப் பார்ப்பார்கள், தகட்டில் குத்தியிருக்கும் எண்ணைப் படிப்பார்கள், புத்தகத்தைப் புரட்டி "ஐம்பத்து நாலாம் வருஷம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தகடுகள் தொழிற்சாலையில் ஒரு டப்பாவில் கொட்டிக் கிடந்தவை. கைக்கு எது வந்ததோ அதை எடுத்துத் திருகினார்கள். கிட்டாரின் வயது தெரிய வேண்டுமென்றால் அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள், மிஸ் எச்செவெரி. நான் எதையும் மேலாகப் பார்த்துச் சொல்லிப் பழகாதவன். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். உங்கள் போலீஸ் டேப்பில் பதிவாக வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் பெயர் ராய்ஸ் டிட்வெல். கலிபோர்னியாவின் ஆயில்டேலில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பும் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். பழுதுபார்ப்பது சோற்றுக்கு. என் உண்மையான வேலை வயது சொல்வது. ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் படம் அனுப்பிக் கேட்பார்கள். வால்யூம் திருகியின் முதுகில் எண் குத்தியிருக்கும். அதில் செய்த கம்பெனியும் ஆண்டும் வாரமும் அடங்கியிருக்கும். கழுத்தைக் கழற்றினால் அடிக்கட்டையில் பென்சிலால் தேதி எழுதியிருக்கும். உள்ளே குழியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கம்பிகளை இணைத்த பெண் தன் பெயரும் தேதியும் எழுதியிருப்பாள். திருகாணியின் தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா என்று பார்க்க வேண்டும். ஈயப் பற்று மங்கியிருக்கிறதா, யாராவது பிறகு சூடு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நீல விளக்கைப் பிடித்தால் பழைய வார்னிஷ் ஒரு மாதிரி மினுங்கும், ஒட்டுப்போட்ட இடம் வேறு மாதிரி. இவ்வளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் நான் தேதி சொல்வேன். தப்பான தேதி ஒன்றுகூட என் வாயிலிருந்து வந்ததில்லை. என் மனைவி ஜோனெல் என்னை விட்டுப் போனது ஒரு மார்ச் மாதம். எந்த ஆண்டு என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

நீங்கள் நினைப்பதைவிட இந்த உலகத்தில் பொய் அதிகம். என் மேஜைக்கு வருகிற கிட்டார்களில் முழுசாக இருப்பது அபூர்வம். கழுத்து ஒன்றிலிருந்து, உடம்பு இன்னொன்றிலிருந்து, தந்தியின் ஒலியை வாங்கும் பிக்கப்பை எவனோ கழற்றி விற்றிருப்பான், குமிழ்கள் தைவானில் செய்தவை. நாற்பது ஐம்பது வருஷமாகக் கைமாறிக் கைமாறி எல்லாம் கலந்துவிட்டது. இவை எல்லாவற்றையும் அளந்து பார்க்க, இதுதான் அசல் என்று விரல் வைத்துக் காட்ட, ஒன்றாவது வேண்டும். எனக்கு அப்படி ஒன்று இருந்தது. அது வெர்லின் ஸ்டாம்ப்ஸின் கிட்டார்.

வெர்லினை உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்த ஊர் நடனக் கூடங்களில் ஆடியவர்கள் எல்லோரும் அவர் வாசிப்புக்கு ஆடியவர்கள்தான். ஓக்லஹோமாவிலிருந்து குழந்தையாக வந்தவர். பருத்தி எடுத்த கூலியில், தன் கையால் அந்தக் கிட்டாரைப் புதிதாக வாங்கினார். வெண்ணெய் நிறம். வாங்கிய நாளிலிருந்து தந்தியைத் தவிர எதையும் மாற்றவில்லை. கவனமாக வைத்திருந்தார் என்று அர்த்தமில்லை. அவருக்கு அதில் எதுவும் கெட்டுப்போகவில்லை, அவ்வளவுதான். பீர் வழிந்திருக்கிறது, சிகரெட் சுட்ட தடம் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு கை படவில்லை. முதல்முறை நான் திறந்தபோது திருகாணிகள் தொழிற்சாலைக்காரன் முறுக்கிய முறுக்கிலேயே இருந்தன. கழுத்திலும் திருகியிலும் டேப்பிலும் ஒரே வசந்த காலத்துத் தேதி. டேப்பில் 'ட்ரினி' என்று எழுதியிருந்தது. வார்னிஷ் வாசனை அதுவரை வெளியே போகாமல் உள்ளேயே அடைந்திருந்தது. நான் குனிந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா, செத்த எலி கிடக்கா?" என்று வெர்லின் கேட்டார்.

"ஒண்ணுமே கிடக்கலை. அதான் பாக்கறேன்."

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவர் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். அவர் சலித்துக்கொண்டதே இல்லை. "டார்லா, ராய்ஸ் வந்திருக்கான். அவன் பொண்டாட்டிய எடுத்துட்டு வா" என்று மகளுக்குக் குரல் கொடுப்பார். டார்லா சிரித்துக்கொண்டே கிட்டார்ப் பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்து, எனக்கு ஐஸ் டீ ஊற்றுவாள். தாய் இறந்த பிறகு தகப்பனோடு வந்து தங்கியவள் அவள். நல்ல குடும்பம். அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர்காலத்தில் வெர்லின் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ரயிலடிப் பக்கம் இருக்கிற பாஸ்க் ஓட்டல். உங்கள் பாஸ்க் இனத்து ஆட்கள் நடத்துவதுதான். நீள மேஜையில் எல்லோரோடும் கலந்து உட்கார்ந்தோம். சூப் வந்தது, பீன்ஸ் வந்தது, ஊறவைத்த மாட்டு நாக்கு வந்தது. வெர்லின் ரொட்டியைப் பிய்க்கச் சிரமப்பட்டார். விரல்கள் முட்டி முட்டியாக வீங்கியிருந்தன.

"இந்த விரலு தந்திய வளைக்க மாட்டேங்குதுடா" என்றார். "அமுக்கிடறேன். வளைக்கத்தான் முடியலை. வளைக்காம வாசிச்சா அது என்ன வாசிப்பு, டைப் அடிக்கற மாதிரி இருக்கு."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"பாட்டு கேளுங்கங்கறான். அவனுக்கென்ன." நாக்குத் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தார். "தோள்வாரோட கோக்கற பொறி ஒண்ணு இருக்கே, அதைப் போட்டுடலாம்னு இருக்கேன். கிட்டாரக் கீழ அமுக்கினா அதுவா தந்திய இழுத்து வளைக்குமாமே."

அந்தப் பொறியை நான் அறிவேன். கெட்டிக்காரத்தனமான பொறி. அதைப் பொருத்த வேண்டுமென்றால் கிட்டாரின் முதுகைத் தோளிலிருந்து இடுப்புவரை குடைந்தெடுக்க வேண்டும். குடைந்த மரம் தூளாகிப் போகும். திரும்ப வைக்க முடியாது.

"எந்தக் கிட்டார்ல?" என்று கேட்டேன்.

"என்கிட்ட எத்தனை இருக்கு? நீதான் செஞ்சு குடுக்கணும். வேற எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

நான் நிதானமாகவே பேசினேன். வேறொரு கிட்டாரில் அந்தப் பொறியைப் போட்டுத் தருகிறேன், இதே எடை, இதே கழுத்து, கண்ணை மூடினால் வித்தியாசம் தெரியாது என்றேன். சொன்னபடி ஒன்றைச் செய்தும் கொடுத்தேன். கூலி கேட்கவில்லை. ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு அவரே கடைக்குக் கொண்டுவந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்தவன் செருப்பு போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"பழகிடும், வெர்லின்."

"எனக்கு எழுபது தாண்டிடுச்சு. இனிமே எதுக்குப் பழகறது? நீ செய்ய மாட்டேன்னா டெஹாச்சபில ஒருத்தன் இருக்கானாம், அவன் செய்வான்."

"அந்தக் கிட்டார் மாதிரி இன்னொண்ணு கிடையாது. உலகத்துலயே கிடையாது. அது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது. அதான் அதை வாசிக்கணும்கறேன்." என் தோளைத் தட்டினார். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. குடையறப்போ வர்ற மரத்தூளை உனக்கே பொட்டலம் கட்டித் தரேன்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்.

டெஹாச்சபிக்காரனை எனக்குத் தெரியும். சுத்தமாக வேலை செய்வான். ஈஸ்டர்வரை அவனுக்குக் கைநிறைய வேலை இருந்ததால் அதற்குப் பிறகு கொண்டுவரச் சொல்லியிருந்தான். ஆக எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. அவசரப்பட்டுச் செய்த காரியம் என்று உங்கள் அரசு வக்கீல் எழுதியிருக்கிறார். அது தப்பு, திருத்திவிடுங்கள்.

டார்லாவிடம் போய்ப் பேசினேன். "அப்பா சந்தோஷமா இருக்காரு, அங்கிள். விட்டுடுங்களேன். ஒரு மரக்கட்டைதானே" என்றாள். கிட்டாரை விலைக்குக் கேட்டேன், வெர்லின் சிரித்தார். திருடலாமா என்றும் யோசித்தேன். திருட்டு எனக்கு ஒத்துவராது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அப்போதுதான் வெர்லின் ஆம்ப்பைக் கொண்டுவந்தார். இரைகிறது, பார் என்றார். அதுவும் பழைய பெட்டிதான், கிட்டாருக்கு மூன்று நான்கு வயது இளையது. கிட்டாரைப்போல முழுசானது அல்ல. எழுபதுகளில் எவனோ ஒரு ரேடியோ மெக்கானிக் அதன் மின்கம்பியை வெட்டிவிட்டு மூன்று முனை பிளக் போட்டிருந்தான். மூன்றாவது முனை எர்த். பெட்டியில் கசிகிற மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோய் விடுவது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் தொழிற்சாலையை விட்டு வரும்போது அந்தப் பெட்டியில் எர்த் கிடையாது. அந்தக் காலத்தில் எதிலும் கிடையாது. இரண்டு முனைதான். கூடவே உள்ளே, மின்கம்பிக்கும் பெட்டியின் உலோகத்துக்கும் நடுவே, ஒரு கண்டென்சர். அது வயதாகிக் கசிந்தால் பெட்டி, கிட்டார், தந்தி எல்லாவற்றிலும் மின்சாரம் வந்து நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். அந்தத் தந்தியில் கை வைத்தவன், எர்த் உள்ள வேறெதையாவது தொட்டால்தான் அது அவன் வழியாகப் போகும். உதாரணத்துக்கு, கூடத்து மைக்.

இரைச்சலைச் சரிசெய்தேன். பிறகு பெட்டியைத் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே ஆக்கினேன். பழைய இரண்டு முனைக் கம்பி என்னிடம் இருந்தது, அந்தக் காலத்துக் கண்டென்சரும் இருந்தது, அதே காலத்து ஈயச் சுருளும் இருந்தது. அழகாக உட்கார்ந்தது. எழுபதுகளில் போட்ட பற்றைச் சுரண்டி எடுத்த இடம்கூடத் தெரியவில்லை. நான் எதையும் கெடுக்கவில்லை. ஒருவன் கெடுத்து வைத்திருந்ததைச் சரியாக்கினேன்.

வெர்லின் வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இரைச்சல் போயிடுச்சுடா. ஆனா லேசாக் கடிக்குது. ஈரக் கையோட தொட்டா சுர்ருங்குது."

"பழைய பெட்டி அப்படித்தான். கவலைப்படாதீங்க" என்றேன்.

"நானும் பழைய பெட்டிதான், நான் யாரைக் கடிச்சேன்?"

வீட்டில் மைக் இல்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மதியம் முன்னாள் படைவீரர் கூடத்தில் நடனம். அன்று வாசித்துவிட்டு மறுநாள் கிட்டாரை டெஹாச்சபிக்கு எடுத்துப்போவதாக வெர்லின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்து மைக் வெர்லினுக்குப் பழக்கமானது. பாடும்போது உதட்டை அதன்மேல் ஒட்டவைத்துக்கொள்வார். "கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள். அன்றும் ஒரு பெண் கத்தினாள். நான் முன்வரிசையில், மேடையை ஒட்டி நின்றேன். ரப்பர் அடி வைத்த பூட்ஸ் போட்டிருந்தேன்.

நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மின்சாரம் பிடித்தால் கை விடாது, இன்னும் இறுகும். வெர்லின் கிட்டாரின் கழுத்தையும் மைக்கையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் எல்லோரும் அவர் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. நான்தான் மேடையேறி பிளக்கைப் பிடுங்கினேன். அதற்காகப் பலபேர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். மறுவாரம் ஆயில்டேல் பத்திரிகையில் என் பெயர் வந்தது. டார்லா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் சட்டை நனைந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்காமல் கிட்டாரைத் தொட முடியாது. அதனால் பிடுங்கினேன். பிடுங்குவதற்கு முன்னால் கொஞ்சம் காத்திருந்தேன். அதிகம் இல்லை. சீக்கிரமாகப் பிடுங்கியிருந்தால் வெர்லின் பிழைத்திருப்பார். மறுநாள் இல்லாவிட்டாலும் மறுமாதம் டெஹாச்சபிக்குப் போயிருப்பார். பிடி தளர்ந்ததும் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். கூட்டம் அவரைப் பிடிக்க ஓடியது. கிட்டாரைப் பிடிக்க என்னைத் தவிர யாரும் இல்லை. தரையில் படுவதற்குள் பிடித்துவிட்டேன்.

இதோடு விஷயம் முடிந்திருக்கலாம். எல்லோரும் விபத்து என்றார்கள். பழைய பெட்டி, பழைய கம்பி, இப்படி அங்கங்கே நடந்திருக்கிறது. சம்பிரதாயத்துக்காக அந்தப் பெட்டியை லாஸ் ஏஞ்சலீஸுக்கு ஒரு நிபுணரிடம் அனுப்பினீர்கள். அவர் அறிக்கை வந்ததும் சாட்சி என்ற முறையில் என்னைக் கூப்பிட்டீர்கள். காபி கொடுத்தீர்கள்.

"படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, மிஸ்டர் டிட்வெல். இதோட மூடிடலாம்" என்றீர்கள்.

படித்தேன். பெட்டி முழுவதும் அசல், மின்கம்பி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது, பிறகு எந்தக் கையும் படவில்லை என்று எழுதியிருந்தார். கீழே பெயர், பட்டங்கள். நான் இரண்டாம் முறை படித்தேன். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன்.

"இது தப்பு" என்றேன்.

"எது தப்பு?"

"இந்தக் கம்பி தொழிற்சாலைல போட்டது இல்லை."

"அவர் அப்படித்தானே எழுதியிருக்கார். பெரிய ஆளாம், கோர்ட்ல எல்லாம் சாட்சி சொல்லியிருக்காராம்."

"ஈயத்தைப் பாத்து ஏமாந்துட்டார். ஈயம் அந்தக் காலத்துதான். பற்று புதுசு. பழைய பற்றா இருந்தா அடில சாம்பல் பூத்திருக்கும். அதோட அவர் கம்பி போற துவாரத்தப் பாக்கவே இல்லை. மூணு கம்பிக்காக எவனோ அதை அரத்தால ராவி விட்டிருக்கான். ரெண்டு கம்பி அதுல ஆடுது பாருங்க. ஒருகாலத்துல மூணு இருந்துச்சு, அதை எடுத்துட்டு யாரோ ரெண்டு போட்டிருக்காங்க."

நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டீர்கள். "எப்போ போட்டிருப்பாங்க? ஒரு பத்து வருஷம் முன்னாடி?"

"இல்லை. இந்த வருஷம். ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை."

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். மேஜைமேல் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ஈயத்தப் பாத்தே கிழமை வரைக்கும் சொல்ல முடியுமா?"

"முடியாது. வருஷம் சொல்லலாம், மாசம்கூட ஓரளவு சொல்லலாம். கிழமை சொல்லணும்னா போட்டவனுக்குத்தான் தெரியும்."

அப்படித்தான் நான் இந்த அறைக்கு வந்தேன். மனசாட்சி உறுத்திச் சொல்லிவிட்டேன் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை அப்படியே கோப்பில் கிடந்தால், நாளைக்கு ஒருவன் அதை எடுத்துப் படித்துவிட்டு, எர்த் கம்பிக்காகத் துவாரம் ராவிய பெட்டியை அசல் என்று நம்புவான். ஒரு பொய்த் தேதி உலகத்துக்குள் போய்விட்டால் பிறகு அதை வெளியே எடுக்க முடியாது.

வெர்லினைக் கொன்றது நான்தான். வேண்டுமென்றே, யோசித்து, நிதானமாகச் செய்தேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. இந்த வாக்கியங்களை டைப் செய்துகொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள். சாட்சிப் பொருள் அறையில் கிட்டாரின் உடம்புமேலேயே எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வார்னிஷ் அதைத் தாங்காது. அவசரத்தில் யாரும் நகத்தால் உரித்துவிட வேண்டாம். லேசாகச் சூடுகாட்டி, ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டால் விலங்கோடு வந்தும் எடுத்துத் தருவேன்.

நேற்று டார்லா வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து, இப்போது உங்களிடம் சொன்னதைப்போல வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அன்னிக்கு நான் கூடத்துச் சமையலறைல தட்டு எடுத்து வச்சுட்டிருந்தேன்" என்றாள். "சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. அப்பா கடைசியா என்ன பாட்டு வாசிச்சார்?"

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். அவர் பாடினார், அது நினைவிருக்கிறது. விரல்கள் எந்தெந்த இடத்தில் இருந்தன, கழுத்தில் வார்னிஷ் தேய்ந்த இடத்தில் வெளிச்சம் எப்படி விழுந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. பாட்டு எது என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது என் வழக்கமில்லை.

"பிக்கப் சுவிட்ச் நடுவுல இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். அதிர்ச்சியில் இருக்கிறாள், பாவம். நிதானமாக யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதற்குத்தான் நான் பதில் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்துகொள்வாள்.